கடலுக்கு எடுத்துட்டு போன கோடிப் பொடவ

1

போன மாசம் நானும் எங்க வூட்டுக்காரரும் வூட்டையே ஓட்டிகிட்டு கடலுக்கு போயிட்டு வந்தோம்.

வூடுன்னா நெசமாவே வூடுதான். வெளியேருந்து பாத்தா பெரிய வேன் மாதிரி இருக்குது. உள்ள ஏறுனா அடுப்பு, பாத்திரம் கழுவற தொட்டி, துணி வைக்கற பொட்டி, படுக்கை, ஒரு ஆளு உள்ள போனா திரும்ப முடியாத கக்கூஸு. இங்க பிரான்சுல வேலய வுட்டு ரிட்டையரு ஆனவங்க இத வாங்கிகிட்டு ஊரு ஊரா சுத்தறாங்க. நல்ல கல்லு வூடு இருக்கறவங்கதான் போறாங்க. விருத்தாசலம் ஜங்ஷனுக்கு வெளிய தார்ப்பா கட்டி, வண்டியிலயே குடும்பம் நடத்தறவங்கள பாத்து வளந்தவ நான். அவங்களுக்கு அது கஷ்டம். இவங்களுக்கு இது லீவு.

வண்டி எங்களோடது இல்ல. எங்க வூட்டுக்காரரு ஆஸ்பத்திரி கேண்டீன்ல வேல செய்யறாரு. கூட வேல செய்யற ஜெராருன்னு ஒரு வெள்ளக்காரரோட வண்டி. அவரு சம்சாரத்துக்கு முட்டியில ஆப்பரேஷன். இந்த வருஷம் அவங்க எங்கயும் போவ முடியாது. வண்டி சும்மா நின்னா கெட்டுடும், நீ ஒரு வாரம் எடுத்துட்டு போன்னு சாவிய குடுத்துட்டாரு.

எங்க வூட்டுக்காரரு பாண்டிச்சேரிக்காரரு. இவங்க தாத்தா பிரெஞ்சுக்காரன் பட்டாளத்துல இருந்தவரு, அதனால குடும்பத்துக்கே பிரான்சு பாஸ்போர்ட்டு. சாவிய எடுத்துகிட்டு வந்து கேட்டாரு.

"கல்யாண நாளு வருதுல்ல. எங்க போலாம் சொல்லு. மலைக்கு போலாமா?"

"கடலுக்கு போலாங்க."

"நீதான் கடலுன்னாலே பயந்து சாவியே?"

"பயம் இருக்கட்டும். கோடி இருக்குதுல்ல."

அதுக்கு மேல அவரு ஒண்ணும் கேக்கல. வூட்டு பீரோவுல மேல் தட்டுல என்னா இருக்குதுன்னு அவருக்கும் தெரியும். எங்க கல்யாண நாளும் எங்கம்மா செத்த நாளும் ஒரே வாரத்துலதான் வருது. இனிமே வருஷா வருஷம் அப்படித்தான் வரும்.

2

கோடின்னா நம்ம பக்கத்துல எல்லாருக்கும் தெரியும். தெரியாதவங்களுக்கு சொல்றேன். செத்தவங்க மேல போடற புதுத்துணி. ஒரு பொம்பள செத்தா பொறந்த வூட்டுலேருந்து ஒரு பொடவ வரணும். கட்டிக்குடுத்த பொண்ணு வூட்டுலேருந்தும் ஒண்ணு வரணும். தட்டுல வச்சு, மேளம் அடிச்சு எடுத்துட்டு வருவாங்க. யாரு கோடி வந்துச்சு, யாரு கோடி வரலன்னு தெருவே பாத்துகிட்டு நிக்கும்.

போன வருஷம் ஒரு நாளு காத்தால அண்ணன் போன் பண்ணுச்சு. "பாப்பா, அம்மா போயிட்டுது. ஐஸ் பொட்டியில வச்சிருக்கறோம். கெளம்பி வா." எங்க அண்ணன் என்னய பேரு சொல்லி கூப்புடாது. நான் கல்யாணம் ஆயி பிரான்சுக்கு வந்தப்பறமும் பாப்பாதான்.

நான் மொதல்ல செஞ்சது பொடவ எடுக்க ஓடுனதுதான். அழுவல. பாரிசுல ரயிலு ஸ்டேஷனுக்கு பின்னால எலங்கத் தமிழுக்காரங்க கடைங்க இருக்குது. மாம்பழக் கலரு, அரக்கு பார்டரு. கடைக்கார அக்கா மடிச்சு குடுத்துகிட்டே, "என்ன விசேஷம் தங்கச்சி?"ன்னு சிரிச்சாங்க. "அம்மாவுக்கு"ன்னு சொன்னேன். "அம்மாவுக்கு நல்ல வடிவா இருக்கும்"னாங்க.

பொடவப் பையோட அப்படியே கார்டு ஆபீசுக்கு போனேன். இவரு முன்னாடியே போயி வரிசையில நின்னாரு. இங்க தங்கறதுக்கு எனக்கு ஒரு கார்டு உண்டு. பழைய கார்டு முடிஞ்சிடுச்சு, புதுசு இன்னும் வரல. நடுவுல ஒரு சீட்டு குடுத்திருந்தாங்க. இந்த சீட்ட வச்சுகிட்டு ஊருக்கு போவலாமான்னு கேட்டாரு. கண்ணாடிக்கு அந்தாண்ட இருந்த அம்மா, போவலாம்னாங்க. திரும்பி வரலாமான்னு கேட்டாரு. அதுக்கு அவங்க தோள தூக்கி எறக்குனாங்க. இங்க அதுவும் ஒரு பதிலு.

போவாதன்னு யாரும் சொல்லல. போன்னும் யாரும் சொல்லல. பெஞ்சில பையோட ஒக்காந்திருந்தேன். ஆபீச மூடறோம்னாங்க, எழுந்து வூட்டுக்கு வந்துட்டோம்.

அங்க என்னா நடந்துச்சுன்னு அப்பறமா அண்ணி சொன்னாங்க. எடுக்கற நேரத்துல பெரியவங்க சத்தமா கேட்டிருக்காங்க, "பொண்ணு வூட்டுக் கோடி எங்கப்பா?" அண்ணன் தெருவுக்கு நடுவுல கைய கூப்பிகிட்டு, "வரல"ன்னு சொல்லுச்சாம்.

அந்த நாளோட அண்ணன் எங்கிட்ட பேசறத வுட்டுடுச்சு. போன் பண்ணா அண்ணிதான் எடுப்பாங்க. பின்னால அண்ணன் இருமறது கேக்கும். லோடு ஆட்டோ ஓட்டறதால புகையில எப்பவும் ஒரு இருமலு. அந்த இருமல கேட்டுட்டு வச்சிடுவேன். ஒரு வருஷமா எங்க அண்ணன்கிட்டேருந்து எனக்கு வந்தது அந்த இருமலு மட்டுந்தான்.

அண்ணி ஒரு நாளு சொன்னாங்க. "அந்த பொடவைய வூட்டுல வைக்காத மஞ்சு. கோடின்னு எடுத்துட்டா நீ கட்டவும் கூடாது, யாருக்கும் குடுக்கவும் கூடாது. வருஷம் திரும்பறதுக்குள்ள தண்ணியில வுட்டுடு. வுட்டதும் எனக்கு சொல்லு, நான் உங்க அண்ணன்கிட்ட சொல்றேன். அப்பவாச்சும் இந்த மனுஷன் எறங்கி வராரா பாப்போம்."

எங்க வூட்டாண்ட ஒரு கால்வாய் இருக்குது. அதுல வுடலாம்னு பைய எடுத்துகிட்டு போனேன். கரையில, தண்ணியில எதயும் போடாதீங்கன்னு படத்தோட போர்டு. நாய கூட்டிகிட்டு வந்த ஒருத்தரு நான் போற வரைக்கும் அங்கயே நின்னாரு. நானும் வாத்த பாக்கற மாதிரி நின்னுட்டு திரும்பிட்டேன்.

இவரு அக்கா பொண்ணு இங்கயே பொறந்த புள்ள. தமிழு பாதி வரும். மேல் தட்டுல இருந்த பொடவைய பாத்துட்டு, "இது யாருக்கு அத்தை?"ன்னு கேட்டுது. எங்கம்மாவுக்குன்னு சொன்னேன். "அவங்க செத்துட்டாங்கன்னு மாமா சொன்னாங்களே?" ஆமா. "அப்ப எதுக்கு பொடவ?" அதுக்கு பதிலு சொல்ல எனக்கு பிரெஞ்சும் பத்தல, தமிழும் பத்தல. பிஸ்கட்டு சாப்புடறியான்னு கேட்டேன்.

3

எங்கம்மா பீங்கான் கம்பெனியில வேல செஞ்சுது. எங்க ஊருல பாதி பேரு மண்ணுலதான் சம்பாரிச்சோம், பயிரு வைக்காம. அச்சுலேருந்து எடுக்கற பொம்மைக்கு நடுவுல தழும்பு மாதிரி ஒண்ணு இருக்கும். ஈர ஸ்பாஞ்சால தொடச்சு தொடச்சு அத இல்லாம ஆக்கணும். புள்ளையாரு, குதிர, வாத்து, எது வந்தாலும் அம்மா கையில தழும்பு போயிடும். நான் எட்டாவதோட நின்னுட்டு அது பக்கத்துல ஒக்காந்து கரண்டு பொட்டியில மாட்டற பீஸ் கட்ட தொடச்சேன். அப்பா நான் சின்னப் புள்ளயா இருக்கும்போதே போயிட்டாரு.

மொத சம்பளத்துல அம்மாவுக்கு ஊதாக் கலருல ஒரு பொடவ எடுத்தேன்.

"என்னாடி இது?"

"பொடவம்மா."

"தெரியுது. யாருக்கு?"

"உனக்குத்தான்."

"மண்ணுல ஒக்காந்து தொடைக்கறவளுக்கு இந்த கலரு எதுக்குடி? போ, போயி மாத்திட்டு வா. உனக்கு ஒரு தாவணி எடு."

நான் மாட்டேன்னு ரெண்டு நாளு மொறச்சுகிட்டு இருந்தேன். மூணாம் நாளு கடைத்தெருவுல போறப்ப துணிக்கடைக்காரரே கூப்புட்டாரு. "வாம்மா, உங்கம்மா நேத்தே வந்து பொடவைய குடுத்துட்டு போயிட்டுது. மக வரும், தாவணி காட்டுன்னு சொல்லிட்டு போச்சு."

அண்ணன் ஒரு தீவாளிக்கு கடலூருல லோடு எறக்கிட்டு பச்சக் கலருல ஒண்ணு வாங்கியாந்துது. அம்மா அத கவரோடவே வச்சிருந்து, அண்ணிக்கு புள்ள பொறந்தப்ப அவங்களுக்கு குடுத்துட்டுது. என் கல்யாணத்துல பாண்டிச்சேரிக்காரங்க சம்பந்தியம்மாவுக்குன்னு பட்டுப்பொடவ வச்சு குடுத்தாங்க. எல்லார் முன்னாடியும் ரெண்டு கையால வாங்கி கண்ணுல ஒத்திகிச்சு. எனக்கு பெரும சொல்ல முடியல. பிரான்சுக்கு வந்து சூட்கேஸ தொறந்தா, அடியில அந்தப் பட்டு இருக்குது.

போன்ல சண்ட போட்டேன். அம்மா அதுக்கு, "நீயே கட்டிக்க. நான் அத கட்டிகிட்டு எங்க போவப் போறேன்"னு சொல்லிட்டு, அங்க அரிசி கெடைக்குதான்னு கேட்டுது.

எனக்கு அம்மா நெனப்பு வந்தா அழுவ வரல. பசிதான் வந்துச்சு. அந்த ஒரு வருஷத்துல நல்லா குண்டாயிட்டேன். இங்க பாக்கறவங்க, பிரான்சு சாப்பாடு ஒத்துகிச்சுன்னு சொன்னாங்க.

4

வண்டிய எடுத்துகிட்டு மேக்கால, பிரெத்தாஞ்னு ஒரு பக்கம் இருக்குது, அங்க போனோம். ஜெராரு தந்த வண்டின்னு இவரு மாட்டுவண்டி மாதிரி ஓட்டுனாரு. பின்னால வந்தவங்கள்லாம் ஆரன் அடிச்சாங்க. திருப்பத்துல உள்ள எல்லாம் உருளுது. நான் ஊருலேருந்து கொண்டாந்த கப்பு ஒண்ணு இருக்குது, காது கோணலா ஒட்டி கம்பெனியில கழிச்சு கட்டுனது. அத மடியில வச்சுகிட்டேன்.

சாயங்காலம் கடற்கரைக்கு போயி சேந்தோம். அங்க இந்த மாதிரி வண்டிங்க நிக்கறதுக்குன்னே ஒரு மைதானம். பக்கத்து வண்டியில ஒரு வயசான புருஷன் பொண்டாட்டி, ஒரு குட்டி நாயி. எந்த ஊருன்னு கேட்டாங்க. இந்தியான்னதும் அந்தம்மா கண்ண மூடி மூச்ச இழுத்து வுட்டு காட்டுனாங்க. யோகாவாம். எனக்கு தெரியாதுன்னு சொன்னதுக்கு ரொம்ப வருத்தப்பட்டாங்க.

கடலு நெறயா இருந்துச்சு. வண்டிக்கு கொஞ்ச தூரத்துலயே அல வந்து அடிச்சுது. பயமாத்தான் இருந்துச்சு, திரைய இழுத்து வுட்டுட்டு படுத்துட்டேன்.

காத்தால கதவ தொறந்தா கடல காணோம்.

தண்ணி இருந்த எடத்துல வெறும் சேறு, பாற, பாசி. படகெல்லாம் சாஞ்சு கெடக்குது.  சுனாமி வந்த வருஷம் நான் விருத்தாசலத்துலதான் இருந்தேன். கடலூருல மொதல்ல கடலு உள்ள போச்சு, அப்பறந்தான் வந்துச்சுன்னு எத்தன பேரு சொல்லி கேட்டிருக்கேன். உள்ள போன கடல வேடிக்க பாக்க போனவங்க ஒருத்தரும் திரும்பலன்னு அம்மா சொல்லி சொல்லி அழும்.

நான் நைட்டியோட எறங்கி ஒவ்வொரு வண்டியா கதவ தட்டுனேன். "ஓடுங்க! கடலு உள்ள போயிடுச்சு, ஓடுங்க!" பிரெஞ்சு எல்லாம் மறந்து போச்சு. தமிழுலதான் கத்துனேன். எல்லாரும் தூக்கத்துல எறங்கி வந்தாங்க. நாயி கொலைக்குது. இவரு லுங்கியோட என் பின்னால ஓடியாந்து கைய புடிச்சாரு.

"மஞ்சு, மஞ்சு, இங்க தெனமும் அப்படித்தான் போவும். தெனமும் வரும்."

"உங்களுக்கு தெரியுமா?"

"ஸ்கூல்ல படிச்சேன்."

"ராத்திரி சொல்றதுக்கு என்னா?"

பக்கத்து வண்டிக்காரரு உள்ள போயி ஒரு அட்ட எடுத்தாந்து குடுத்தாரு. கடலு எப்ப வரும், எப்ப போவும்னு அச்சடிச்சு வச்சிருக்கறாங்க. நம்ம ஊரு பஸ்ஸுக்கு டைம்டேபிளு போட்டிருப்பாங்கல்ல, அது மாதிரி. இது நேரத்துக்கு வருது.

யாரும் திட்டல. இவரு சுனாமி கதய சொன்னதும் அந்தம்மா என்னய உள்ள கூட்டிட்டு போயி காப்பி குடுத்தாங்க. மத்தவங்க வாளிய எடுத்துகிட்டு, கடலு இருந்த எடத்துல கிளிஞ்சலு பொறுக்க போயிட்டாங்க.

5

மறுநாளு அம்மா தெவசம். வண்டிக்குள்ளயே படைக்கலாம்னு சோறாக்கி, அம்மாவுக்கு புடிச்ச கருவாட்டு கொழம்பு வச்சேன். அந்த வண்டியில ஜன்னலு ரெண்டு சாணுதான். கொழம்பு கொதிக்க ஆரம்பிச்சதும் பக்கத்து வண்டிக்காரங்க நாற்காலிய எடுத்துகிட்டு தூரமா போயி ஒக்காந்தாங்க. நாயி மட்டும் எங்க வாசல்லயே படுத்துகிச்சு.

"ஜெராரு இனிமே வண்டி குடுக்க மாட்டாரு"ன்னாரு இவரு.

"படுக்கையில கொஞ்சம் சென்ட்டு அடிச்சிடலாம்."

"ரெண்டும் சேந்தா இன்னும் மோசம்."

அட்டைய பாத்து, கடலு கரையாண்ட வர நேரமா பாத்து பொடவைய எடுத்துட்டு போனோம். சேத்துல நடக்க வேணாம் பாருங்க. அன்னிக்கு பேய்க்காத்து. காத்து அடிச்சா நம்ம ஊருல கதவ சாத்துவோம். இங்க காத்து அடிக்குதுன்னு ஊரு ஊருலேருந்து கெளம்பி வராங்க. கடலு மேல பெரிய பெரிய காத்தாடி, ஒவ்வொண்ணும் ஒரு கூர அகலம் இருக்கும். ஒவ்வொண்ணுலேருந்தும் கயிறு எறங்குது, கயித்து முனையில ஒரு ஆளு. கறுப்பு ரப்பரு உடுப்பு, காலுக்கு கீழ ஒரு பலக. காத்தாடி இழுக்க தண்ணி மேல வழுக்கிகிட்டு போறாங்க, திடீர்னு வூட்டு ஒசரத்துக்கு எழும்பி திரும்ப எறங்கறாங்க. யாரோ மாட்டிகிட்டாங்கன்னு நெனச்சேன். இல்ல, காசு குடுத்து கத்துக்கறாங்களாம்.

சூடம் பத்தல. குச்சிய கிழிக்க கிழிக்க காத்து அமுத்திடுச்சு. முந்தானையில கொஞ்சம் அரிசியும் மஞ்சளும் முடிஞ்சு, "அம்மா, லேட்டாயிடுச்சு, வாங்கிக்க"ன்னு சொல்லிட்டு முட்டி தண்ணியில நின்னு வுட்டேன். அல எடுத்துகிச்சு. கொஞ்ச தூரம் போயி மடிப்பு பிரிஞ்சு, மாம்பழக் கலரு அப்படியே தண்ணி மேல விரிஞ்சுது. நல்லாத்தான் இருந்துச்சு.

அப்பதான் யாரோ கத்துனாங்க.

ஒரு காத்தாடி திரும்புச்சு. அப்பறம் இன்னொண்ணு. எல்லாம் சேந்து பொடவய நோக்கி வருது. ஒருத்தன் காத்தாடிய அவுத்து வுட்டுட்டு தண்ணியில முழுவறான். கரையில விசிலு ஊதறாங்க. செவப்பு ட்ரவுசரு போட்ட காவலுக்காரங்க ரெண்டு பேரு மெதவைய தூக்கிகிட்டு ஓடறாங்க. நானும் பயந்து போயி, யாருக்கு என்னா ஆச்சுன்னு இவர கேட்டேன்.

இவரு கரையில கத்தறத காது குடுத்து கேட்டாரு. "பொம்பள முழுவிட்டான்னு தேடறாங்க."

"எந்த பொம்பள?"

"அந்த பொடவைய கட்டிகிட்டு இருந்த பொம்பள."

இவரு கைய ஆட்டிகிட்டு ஓடுனாரு. யாரும் இல்ல, துணி மட்டுந்தான், வெறும் துணின்னு கத்துனாரு. நம்பறதுக்கு அவங்களுக்கு கொஞ்ச நேரம் ஆச்சு. காவலுக்காரரு என்னய பாத்து இவருகிட்ட ஏதோ கேட்டாரு.

"என்னா கேக்கறாரு?"

"நீ சாவலாம்னு எறங்குனியான்னு கேக்கறாரு."

"நான் இங்கதான நிக்கறேன்."

"அததான் சொன்னேன்."

காத்தாடிக்காரங்கள்ல ஒரு பொண்ணு, என் வயசு இருக்கும், பொடவைய சுருட்டி ரெண்டு கையிலயும் கொழந்தய ஏந்தற மாதிரி ஏந்திகிட்டு தண்ணியிலேருந்து நடந்து வந்துச்சு. மூச்சு வாங்குது. என் கையில வச்சுது. கரையில நின்னவங்க எல்லாம் கை தட்டுனாங்க.

மெர்சின்னு அவங்க பாஷையில நன்றி சொன்னேன். வேற என்னா சொல்றது.

6

வண்டிக்கு வந்ததும் சண்ட.

"ஒரு கல்ல கட்டி வுட்டுருக்கலாம்"னாரு இவரு.

"எங்கம்மாவ கல்லு கட்டி எறக்கறதா?"

"அது பொடவ மஞ்சு."

"அந்த ஆபீசுல நீங்க இன்னும் கொஞ்சம் கேட்டிருந்தா நான் போயிருப்பேன்."

ஒரு வருஷமா சொல்லாம வச்சிருந்தது, அது பாட்டுக்கு வெளிய வந்துடுச்சு. இவரு கரித்துணிய எடுத்தாரு. அடுப்ப தொடச்சாரு. சுத்தமா இருந்த அடுப்பதான் தொடச்சாரு. கொஞ்ச நேரம் கழிச்சு, "கேட்டிருக்கலாம்"னாரு.

அப்ப கதவ தட்டுனாங்க. அந்தப் பொண்ணுதான். பேரு எலோடி. நான் நல்லா இருக்கறனான்னு பாக்க வந்திருக்கு. உள்ள ஒக்கார வச்சு காது கோணல் கப்புல டீ குடுத்தேன். இவரு கோடி கதய சொன்னாரு. எங்கம்மா, அண்ணன், தெருவுல கைய கூப்புனது, எல்லாம். எலோடி டீய குடிச்சுகிட்டே கேட்டுச்சு. கடைசில ஒண்ணுதான் கேட்டுச்சு. "உங்கம்மாவுக்கு காத்து புடிக்குமா?"

"ஃபேனே போடாது, கரண்டு பில்லு ஏறும்னு"ன்னு சொன்னேன். இவரு அத எப்படி சொன்னாரோ, அது சிரிச்சுது. அப்பறம் சொல்லுச்சு, கரையில வுட்டா திரும்பத்தான் வரும், நாளைக்கு தண்ணி எறங்க ஆரம்பிக்கறப்ப நானே பாறைக்கு அந்தாண்ட எடுத்துட்டு போயி வுடறேன்னு. காவலுக்காரங்ககிட்டயும் முன்னாடியே சொல்லிடறேன்னு சொல்லுச்சு.

மறுநாளு ஒரு முனைய இடுப்பு வாருல சொருவிகிட்டு எறங்குச்சு. காத்தாடி இழுத்ததும் பொடவ முழுக்க பிரிஞ்சு பின்னால பறந்துச்சு. பலக தண்ணிய கிழிக்குது, மேல காத்தாடி, நடுவுல மாம்பழக் கலரு. ஒரு எழும்பு எழும்புச்சு பாருங்க, பொடவையும் கூடவே வானத்துக்கு போச்சு.

எங்கம்மா பஸ்ஸுல ஜன்னலோரம் ஒக்காராது. காத்து மூஞ்சில அடிக்கும்னு.

அப்ப எனக்கு அழுவ வந்துச்சு. ஒரு வருஷத்துக்கு அப்பறம். மண்ணுல ஒக்காந்து சத்தம் போட்டு அழுதேன், நம்ம ஊருல அழுவற மாதிரி. பக்கத்து வண்டி அம்மா வந்து முதுவ தடவுனாங்க. நாயி மடியில ஏறுச்சு. பாறைக்கு அந்தாண்ட ஒரு மாம்பழப் புள்ளி தெரிஞ்சுது, அப்பறம் தெரியல.

அண்ணிக்கு போன் பண்ணேன். "வுட்டுட்டேன் அண்ணி."

"வுட்டுட்டியா? நல்லது. சொல்லிடறேன் உங்க அண்ணன்கிட்ட."

அன்னிக்கு எனக்கு பசிக்கல.

7

காத்தால கதவ தொறந்தா படியில பொடவ இருந்துச்சு.

பக்கத்து வண்டிக்காரரு நாய கூட்டிகிட்டு நடக்க போயிருக்காரு. பாசியில சுத்திகிட்டு ஒதுங்கி கெடந்துச்சாம். கொழாயில அலசி, புழிஞ்சு, நாலா மடிச்சு எங்க படியில வச்சிருக்காரு. நான் அழுதத பாத்திருக்காரு, அத அங்கயே வுட்டுட்டு போவ மனசு வரலன்னாரு. இன்னிக்கு எங்களுக்கு பண்ண உபகாரம் இதுங்கற மாதிரி சிரிக்கறாரு. அவர என்னா சொல்ல முடியும்?

இவரு பொடவைய பாத்தாரு, என்னய பாத்தாரு.

"அண்ணிகிட்ட சொல்லியாச்சு. சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். இத நான் எங்கயாச்சும் பொதச்சிட்டு வரேன்."

அவரு சொன்னது சரிதான். வுட்டுட்டேன்னு சொன்னாத்தான் அண்ணன் எறங்கி வரும். திரும்பி வந்துடுச்சுன்னு சொன்னா, அதுக்கும் என்னயத்தான் சொல்லும். கோடி வரலன்னும் கைய கூப்புனது அது, கோடி போவலன்னும் கேக்கப் போறது அது. நானும் சரின்னு தலைய ஆட்டுனேன்.

அப்ப இவரு செல்லு ஒரு தடவ அடிச்சு நின்னுது. ஊருலேருந்து மிஸ்டு காலு. அண்ணன் நம்பரு.

ஊருக்கு பேசற போன் கார்ட சுரண்டி நம்பரு போட்டேன். ரெண்டு தடவ தப்பா போச்சு. மூணாவது தடவ எடுத்துச்சு. மொதல்ல இருமலுதான் வந்துச்சு.

"வுட்டுட்டியாமே."

ஒரு வருஷம் கழிச்சு கேக்கற கொரலு. பொய் சொல்லலாம்னுதான் வாய தொறந்தேன்.

"வுட்டேண்ணே. திரும்பி வந்துடுச்சு."

"என்னாது?"

"நான் வுட்டேன், ஒரு பொண்ணு தூக்கியாந்து குடுத்துடுச்சு. அந்தப் பொண்ணே எடுத்துட்டு போயி நடுக்கடல்ல வுட்டுச்சு, கடலு கொண்டாந்து போட்டுடுச்சு. ஒரு ஆளு துவைச்சு மடிச்சு வாசல்ல வச்சிருக்காரு. நான் என்னாண்ணே பண்றது?"

அந்தாண்டேருந்து ஜங்ஷன்ல ரயிலு வரத சொல்றது மட்டும் கேட்டுச்சு. லோடு ஏத்த நின்னுகிட்டு இருக்குது போல. கார்டுல காசு ஓடுது. வச்சிடுச்சுன்னே நெனச்சேன்.

"கலரு என்னா?"ன்னு கேட்டுது.

"மாம்பழக் கலரு. அரக்கு பார்டரு."

"ம்."

"என்னாண்ணே?"

"மண்ணுல ஒக்காந்து தொடைக்கறவளுக்கு அந்த கலரு எதுக்கு"ன்னுச்சு அண்ணன். அம்மா மாதிரியே இழுத்து சொல்லுச்சு. சொல்லிட்டு ஒரு சத்தம் வந்துச்சு. இருமலுன்னுதான் மொதல்ல நெனச்சேன். இருமலு இல்ல.

"நான் வாங்குன பச்சைய கவரக் கூட பிரிக்கல அது," அழுதுகிட்டே சொல்லுச்சு. "உன்னுத மட்டும் வாங்கிக்குமா? போட்டிருந்தாலும் எழுந்து ஒக்காந்து திருப்பி குடுத்திருக்கும்."

நான் அழுதுகிட்டே சிரிச்சேன். இவரு, என்னா என்னான்னு கைய ஆட்டறாரு.

"கட்டிக்க பாப்பா"ன்னுச்சு அண்ணன்.

"கோடிய கட்டக் கூடாதுன்னு அண்ணி..."

"அவ கெடக்கறா. கட்டிகிட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு."

கார்டுல காசு முடிஞ்சு கட்டாயிடுச்சு.

பொடவைய நல்ல தண்ணியில அலசுனேன். வண்டித் தொட்டியில இருந்த தண்ணி முழுக்க தீந்து போச்சு, உப்பு போவல. எங்க வண்டிக்கும் பக்கத்து வண்டிக்கும் நடுவுல கயிறு கட்டி காயப் போட்டேன். அன்னிக்கும் காத்து குறையல. ஒரு முனை பிச்சுகிட்டு கடலு பக்கம் போவ பாத்துச்சு. ஓடிப் போயி புடிச்சு, பக்கத்து வண்டி அம்மாகிட்ட இருந்த கிளிப்பெல்லாம் வாங்கியாந்து வரிசையா போட்டுட்டேன்.